உணவு ஒவ்வாமை

உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையென்று தவறாகக் கருதி, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதன்மேல் பாய்வதால் வருவது உணவு ஒவ்வாமை. வீட்டுப் பேச்சில் இதற்குச் ‘சேராது’, ‘ஒத்துக்காது’ என்பார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல தொல்லைகளையும் அவை ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறவருக்கும் பால் சேராது. ஒரு மிடறு பாலிலேயே உதடு வீங்கி மூச்சு இளைக்கும் கைக்குழந்தைக்கும் பால் சேராது. முன்னவருக்குக் குறைவாக இருப்பது பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி. அவரால் பெரும்பாலும் மோரும் தயிரும் சாப்பிட முடியும். மீறினால் வயிறு வலிக்கும், அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்கோ உயிராபத்து. அதற்குப் பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு; கொடுக்கக் கூடாது. இரண்டு பாலின் புரதங்களும் மிக நெருங்கியவை என்பதால், ஒன்று ஆகாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு மற்றதும் ஆகாது.

மீனிலும் இந்தக் குழப்பம் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் போடாமல் விட்டால், பாக்டீரியாக்களால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துவிடும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. ஒரே குழம்பைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் முகம் சிவந்து அரித்தால், சந்தேகிக்க வேண்டியது மீனை, ஆளை அல்ல.

ஒவ்வாமை பற்றிய அறிவு கடலில்தான் தொடங்கியது. பிரெஞ்சு உடலியலாளர் சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில் சென்றபோது, கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். 1902-இல் பாரிஸில், நெப்டியூன் என்ற நாய்க்குக் கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறிதளவு செலுத்தினார்கள். அது நன்றாகவே இருந்தது. 22 நாள் கழித்து அதே அளவை மறுபடி செலுத்தியதும் மூச்சுத் திணறி, 25 நிமிடத்தில் இறந்தது. பழகப் பழக உடல் நஞ்சைத் தாங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அதற்கு நேர்மாறானதைக் கண்டார்கள். ரிஷே இதற்கு ‘அனாஃபிலாக்சிஸ்’ என்று பெயரிட்டார். 1913-இல் நோபல் பரிசு பெற்றார். ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னா குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. 1921-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பிராஸ்னிட்ஸ், வேகவைத்த மீன் ஆகாத தம் சகா ஹைன்ஸ் கூஸ்ட்னரின் இரத்தத் தெளிவைத் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, அங்கே தடிப்பு எழும்பியது. ஒவ்வாமையைச் சுமப்பது இரத்தத்திலுள்ள ஏதோ ஒன்று என்பது அப்போது தெரிந்தது. அந்த ஒன்று ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் என்பது 1960-களின் பிற்பகுதியில்தான் கண்டறியப்பட்டது.

நெப்டியூனுக்கு நடந்ததைப் போலத்தான் நமக்கும் நடக்கிறது. முதல் சந்திப்பில் உடல் அந்தப் புரதத்துக்கென்றே ஐஜிஈ-யைத் தயாரித்து, தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றிலுள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிவைக்கிறது. வெளியில் எதுவும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் வேறு பல வேதிப்பொருள்களையும் கொட்டுகின்றன. ‘போன மாதம் சாப்பிட்டாளே, ஒன்றும் ஆகவில்லையே’ என்ற வாதம் அதனால்தான் நிற்காது.

பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு ஆகியவையே உலகெங்கும் கடுமையான ஒவ்வாமைகளில் பெரும்பகுதிக்குக் காரணம். இந்தியாவில் கொண்டைக்கடலையும் பருப்புகளும்கூட இந்தப் பட்டியலில் வரும். பால், முட்டை ஒவ்வாமைகள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடும். வேர்க்கடலை ஒவ்வாமை சுமார் ஐந்தில் ஒருவருக்கே மறையும். இறால் ஒவ்வாமை பெரியவர்களான பிறகும் புதிதாக வரும். இறாலில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதத்தின் உறவுகள் வீட்டுத் தூசிப்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் இருக்கின்றன.

நம் சமையலில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது எந்த மருந்துக்கும் குறையாத பாதுகாப்பு. குருமாவின் வெண்மைக்கு அரைத்து ஊற்றுவது பல நேரம் முந்திரி. புளியோதரையில் வேர்க்கடலையும் வறுத்த எள்ளுப் பொடியும் இருக்கலாம். இட்லிப் பொடியிலும் அப்படியே. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது. கோதுமை ஆகாதவர், சாம்பாரில் கோதுமை எங்கிருந்து வரும் என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் தங்கியிருக்கும். முட்டை போண்டா பொரித்த எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி போட்டாலும், வேர்க்கடலைச் சட்னி எடுத்த கரண்டியைத் தேங்காய்ச் சட்னியில் விட்டாலும் ஆபத்துத்தான். ‘கொஞ்சம்தானே, ஒரு வாய்’ என்று அன்பாக வற்புறுத்தும் பாட்டியிடம் இதை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லிவைக்க வேண்டும்.

பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கும். அரிப்பு, தடிப்பு, உதட்டு வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, இழுப்பு, இடைவிடாத வாந்தி, தலைசுற்றி விழுவது ஆகியவை அனாஃபிலாக்சிஸின் அறிகுறிகள். தோலில் எதுவும் தெரியாமலும் அது வரும். இங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமில்லாமல் போட வேண்டும். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். குணம் தெரியாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடலாம். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுக்குத் திணறுகிறவரை உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க மட்டும் விடக் கூடாது. அவில், செட்டிரிசின் போன்றவை அரிப்பைக் குறைக்குமே தவிர, அடைக்கும் தொண்டையையும் விழும் இரத்த அழுத்தத்தையும் மீட்காது. அவற்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன. தொடையில் அழுத்தினால் தானே செலுத்திக்கொள்ளும் ஊசிப்பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அட்ரினலின் மலிவான, பழைய மருந்து. சிறு மருத்துவமனையிலும் இருக்கும். ஆம்பூலையும் சிரிஞ்சையும் கையில் வைத்துக்கொள்ளும் முறையை மருத்துவரிடமே பழகிக்கொள்ளலாம். ஊசிக்குப் பின் தெளிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். தாக்கம் இரண்டாம் முறை திரும்புவதுண்டு.

நோயைக் கண்டறிவதில் முதலிடம், என்ன சாப்பிட்டோம், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்ற கதைக்கே. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ஐஜிஈ இரத்தப் பரிசோதனையும் அதற்குத் துணை. பெங்களூரு, மைசூரு வட்டாரத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஈ காணப்பட்டவர்கள் நாலில் ஒருவருக்கும் மேல். உண்மையில் ஒவ்வாமை இருக்கக்கூடியவர்களோ நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். வெறும் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பத்து உணவுகளை நிறுத்திக் குழந்தையை மெலியவைப்பது கொடுமை. ஐயம் நீடித்தால், மருத்துவமனையில் கண்காணிப்பில் சிறிது சிறிதாக ஊட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளின் அளவு பார்த்துத் தரும் விலையுயர்ந்த சோதனைகளால் ஒவ்வாமையைச் சொல்ல முடியாது.

தடுப்பைப் பற்றிய கருத்து நம் காலத்தில் தலைகீழானது. குடும்பத்தில் ஒவ்வாமை இருந்தால் மூன்று வயதுவரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆனால் சிறுவயதிலேயே ‘பம்பா’ என்ற வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடும் இஸ்ரேல் குழந்தைகளைவிட, லண்டன் வாழ் யூதக் குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை ஏறத்தாழ பத்து மடங்கு இருப்பதை கிடியன் லாக் குழுவினர் 2008-இல் காட்டினர். பிறகு, கடும் கரப்பான் என்ற தோல் நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தார்கள். 2015-இல் வந்த முடிவின்படி, வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 மட்டுமே. முழுக் கடலை குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கும் என்பதால் நன்றாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஒவ்வாமை வந்தவர்களுக்கு முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. வேர்க்கடலைப் பொடியை மிக நுண்ணிய அளவிலிருந்து கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சைக்கு 2020-இலும், ஐஜிஈ-யைப் பிடித்து அடக்கும் ஓமலிசுமாப் ஊசிக்கு 2024-இலும் அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டும் தவறிப்போய்ச் சிறிதளவு உள்ளே போனால் காப்பவை. இஷ்டப்படி சாப்பிட உரிமம் அல்ல. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகள் பசையம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் வகைகள், வேர்க்கடலை, கொட்டைகள், சோயா முதலியவற்றைப் பொட்டலத்தில் தனியே அறிவிக்கச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாத பிள்ளையின் பெற்றோர் முறுக்குப் பொட்டலத்தின் சேர்மானப் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும். லேபிளே இல்லாத பலகாரக் கடையில், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.