ஜப்பானின் பிறப்பு விகிதமும் தலைமுறைகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில், ஒருவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்பது அவருடைய படிப்பு, வேலை, திருமணம், முதுமை எல்லாவற்றையும் பாதித்திருக்கிறது.

போர்முனைகளிலிருந்தும் இழந்த காலனிகளிலிருந்தும் லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பியதும், தள்ளிப்போயிருந்த திருமணங்கள் நடந்தன. 1947 முதல் 1949 வரை சுமார் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1949இல் பிறந்த ஏறத்தாழ 27 லட்சம் என்ற எண்ணிக்கையை அந்நாடு பிறகு எட்டவே இல்லை. தைச்சி சகாயா 1976இல் எழுதிய நாவலால் இவர்களுக்கு 'டான்காய் தலைமுறை' என்ற பெயர் நிலைத்தது. ஒரே வகுப்பறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தார்கள். வடகிழக்குக் கிராமங்களில் நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தனி ரயில்களில் ஏற்றி டோக்கியோவின் உயேனோ நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். தொழிற்சாலைகளும் கடைகளும் போட்டிபோட்டு வேலைக்கு எடுத்த அவர்களுக்குத் 'தங்க முட்டைகள்' என்று பெயர். ஜப்பானின் தொழில் வளர்ச்சியில் இந்தச் சிறுவர் சிறுமியரின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

பெருக்கம் நின்றதும் வேகமாகத்தான். 1948இல் வந்த சட்டம் கருக்கலைப்புக்கு வழிவிட்டது. மறு ஆண்டே பொருளாதாரக் காரணமும் அதில் சேர்க்கப்பட்டது. பெண் ஒருவருக்கு 4.3 ஆக இருந்த பிள்ளைப்பேறு எட்டே ஆண்டுகளில் 2.0 ஆகிவிட்டது.

இடையில் வந்த 1966ஆம் ஆண்டு தனிக்கதை. அறுபது ஆண்டுக்கொருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்ற நம்பிக்கையால், பிறப்பு ஒரே ஆண்டில் கால்பங்கு குறைந்து 13.6 லட்சமானது. அடுத்த ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது.

டான்காய் தலைமுறையினர் பெற்றோரானபோது இரண்டாம் அலை எழுந்தது. 1973இல் ஏறத்தாழ 21 லட்சம் குழந்தைகள் பிறந்தன. கடும் நுழைவுத்தேர்வுப் போட்டியைத் தாண்டி இவர்கள் படிப்பை முடித்த நேரம், 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் கல்லூரி முடிப்பவர்களை ஆண்டுக்கொருமுறை மொத்தமாக எடுத்து ஏப்ரலில் பணியில் சேர்க்கும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவருக்கு நிரந்தர வேலை பிறகு அரிதாகவே கிடைத்தது. பலர் ஒப்பந்த வேலைகளிலேயே காலம் தள்ளினார்கள். திருமணம் தள்ளிப்போனது, சிலருக்கு நடக்கவே இல்லை.

1989இல் பிள்ளைப்பேறு விகிதம் 1.57 ஆகி, 1966ஐவிடக் கீழே இறங்கியிருந்தது. நாடே அதிர்ந்தது. 1994இல் அரசு 'ஏஞ்சல் திட்டம்' கொண்டுவந்து குழந்தைக் காப்பகங்களைப் பெருக்க முனைந்தது. ஆனால் 2000ஐ ஒட்டி எதிர்பார்த்த மூன்றாம் அலை வரவில்லை. 2005இல் விகிதம் 1.26 ஆனது. குறையை இளம்பெண்களின் விருப்பத்தின் மேல் சுமத்திய பேச்சு அநியாயமானது. நிலையான சம்பளம் இல்லாத ஒரு தலைமுறையிடம் குடும்பம் கட்டச் சொன்னார்கள்.

2024இல் ஜப்பானியருக்குப் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. 2025 முடிவதற்குள் டான்காய் தலைமுறையினர் அனைவரும் 75 வயதைக் கடந்துவிட்டார்கள். எண்பது வயதுப் பெற்றோரின் ஓய்வூதியத்தில், வேலையின்றி வீட்டோடு முடங்கிய ஐம்பது வயது மகனோ மகளோ வாழும் நிலையை அங்கே '8050 பிரச்சினை' என்கிறார்கள். 1973இல் பிறந்தவர்களுக்கு 2038இல் 65 வயதாகும். நிரந்தர வேலை கிடைக்காமலேபோனவர்களின் கணக்கில் ஓய்வூதியச் சந்தாவும் குறைவாகவே சேர்ந்திருக்கிறது.