வாயைத் திறந்தே வைத்திருத்தல்

வாய் திறத்தலைக் குறிக்க ‘அங்காத்தல்’ என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. அகரமும் ஆகாரமும் அங்காத்தலால் பிறப்பன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் கூறும். பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்தவருக்கு மிஞ்சும் ஒலிகள் ஏறத்தாழ அவ்விரண்டே. கேள்வி மலையாளத்தில் வரினும், இந்தியில் வரினும், வங்காளத்தில் வரினும் விடை ‘ஆ’ என்பதுதான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோரும் அவ்விடத்தில் வாயற்றவர்களே!

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் எலப்புள்ளி, 1956 நவம்பர் முதல் தேதி வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. உமிக்கரியும் வேப்பங்குச்சியும் பல்லைக் காத்த காலம் அது. அவை காவாதபோது நாட்டு வைத்தியரின் குறடே கதி. இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பெற்றது. சென்னையில் 1953இலும், திருவனந்தபுரத்தில் 1959இலும் கல்லூரிகள் தோன்றின. கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர், தெருமுனையில் பலகை தொங்கவிட்டிருந்த சீனப் பல் வைத்தியர்களிடமும் வாய் காட்டியதுண்டு.

பல்லைப் பிடுங்குவதே வைத்தியமாக இருந்த வரையில், வாயைத் திறந்து வைத்திருப்பது ஒரு சங்கடமாக எண்ணப்படவில்லை. வேதனை பெரிது, நேரமோ சிறிது. கார்டோபா நகரத்து அல் ஸஹ்ராவி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, நோயாளியின் தலையை வைத்தியர் தம் முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொள்ள வேண்டுமென்று எழுதினார். தலை அசையலாகாது என்பதே அவருடைய கவலை. தாடை களைக்கும் என்பதன்று.

பல்லைக் குடைந்து அடைக்கும் முறை பரவியபோது நிலைமை மாறியது. 1871இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மாரிசன் காலால் மிதித்துச் சுழற்றும் துளைப்பு யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பல் பிழைத்தது, ஆனால் நோயாளி நெடுநேரம் வாயைத் திறந்தவாறே இருக்க நேர்ந்தது. இதற்குச் சற்று முன்பே, 1844இல், ஹொரேஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைப் பல்லெடுக்கப் பயன்படுத்தியிருந்தார். வாயுவில் மயங்கியவரின் தாடை இறுகிக்கொள்ளுமாதலால், மயக்கத்துக்கு முன்பே பற்களின் இடையே ஒரு கட்டையைச் செருகினர். அது தொண்டைக்குள் நழுவாதிருக்க ஒரு சங்கிலியையோ கயிற்றையோ அதில் கோத்து வெளியே தொங்கவிட்டனர்.

இங்கே இருவகைக் கருவிகளை வேறுபடுத்திக் காண வேண்டும். ஒன்று, பல்வரிசைகளை உலோகக் கைகளால் பிரித்து நிறுத்தும் திறப்பான். அது வாயை வலிந்து திறக்கும். ஆதலின் மயங்கியவருக்கே பொருந்தும். மற்றொன்று, ஆப்பு வடிவிலமைந்த ரப்பர்க் கட்டை. அது வாயைத் திறப்பதில்லை. திறந்த வாய்க்கு ஓர் இளைப்பாறுமிடம் தருகிறது. பெரிய யந்திரங்களைக் காட்டிலும் இந்தச் சிறு ரப்பர்த் துண்டே நோயாளிக்கு மிகுந்த நன்மை செய்தது என்பது எமது துணிபு.

காரணத்தை உடற்கூறு காட்டும். வாயைச் சிறிது திறக்கையில் தாடையெலும்பின் முனை தன் குழியிலேயே திரும்புகிறது. அகலத் திறக்கையிலோ குழியை விட்டு முன்னோக்கி வழுக்கி வருகிறது. நம் கைவிரல் மூன்றை அடுக்கி நுழைக்கும் அளவே இயல்பான முழுத் திறப்பு. அந்நிலையில் மெல்லும் தசைகள் இழுபட்டிருக்கின்றன; திறக்கும் தசைகளோ ஓய்வின்றி உழைக்கின்றன. சிறிது நேரத்தில் தாடை நடுங்குவது கோழைத்தனத்தாலன்று. ஒரு பக்கத்துப் பற்களிடையே கட்டையை வைத்து அதன்மேல் இலேசாகக் கடித்திருந்தால் அவ்வுழைப்பு குறைகிறது. முழு அளவுக்குத் திறக்காமல், வேலைக்குப் போதுமான அளவே திறப்பதும் நன்று.

ரப்பர் மற்றொரு வகையிலும் உதவிற்று. நியூயார்க்கைச் சேர்ந்த சான்ஃபோர்டு பார்னம் 1864இல் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர்த் தாளைக் கட்டும் முறையைக் கண்டார். துகளும் மருந்தும் தொண்டைக்குச் செல்லாதிருக்க, தாளுக்குப் பின்னே நோயாளி உமிழ்நீரை விழுங்கலாயினர். கேரளத்தில் ரப்பர்த் தோட்டத் தொழில் 1902இல் பெரியாற்றங்கரையில்தான் தொடங்கியது. எலப்புள்ளிப் பக்கத்து வறண்ட நிலம் என்னவோ பனைக்கே உரியது!

1957இல் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய காற்றுச் சுழலித் துளைப்பான் வேலை நேரத்தைச் சுருக்கியது. ஆனால் அது நீரைத் தெளித்துக்கொண்டே சுழல்வது. ஆகவே உறிஞ்சு குழாய் இன்றியமையாததாயிற்று. அடுத்த ஆண்டு ஜான் நாட்டன் முழுவதும் சாய்ந்த நாற்காலியை உருவாக்கினார். கழுத்துக்கு ஓய்வு கிடைத்தது. மல்லாந்த நிலையில் விழுங்குவது கடினம் என்பதைப் பலரும் அறிவர். அங்கும் குழாயே துணை.

அயல் மாநிலத்தில் வைத்தியரிடம் செல்லும் நம் முதியோர் பலர், இடையில் நிறுத்தச் சொல்ல மொழியின்றியே சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர், பல்லும் போய்விடுகிறது. வைத்தியர் பெரும்பாலும் வலப்பக்கம் அமர்வதால், இடக்கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று தொடங்குமுன்னரே சைகையால் உடன்பாடு செய்துகொள்ளலாம். கட்டை வேண்டுமென்றும் அப்போதே கேட்கலாம். உடன் செல்லும் மகனோ மருமகளோ இதை அவ்வூர் மொழியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவது எளிது.

முன்பு எப்போதேனும் கொட்டாவி விடுகையில் தாடை நழுவியவர்கள் அதையும் அக்காகிதத்தில் சேர்க்க வேண்டும். இது புதிய நோயன்று. சுசுருத சம்ஹிதை ‘ஹனுமோக்ஷம்’ என்ற பெயரில் இதனைப் பல்நோய்களுடன் வைத்து எண்ணியுள்ளது. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்தியச் சுவடியொன்று, இரு கட்டைவிரல்களையும் வாய்க்குள் செலுத்தி, ஏனைய விரல்களை மோவாயின் கீழ் வைத்து, நழுவிய தாடையை இருப்பிடம் சேர்க்கும் வகையை விளக்குகிறது. இன்றைய மருத்துவர் கையுறை அணிந்துகொண்டு செய்வதும் ஏறத்தாழ அதுவேயாகும்.