கல்லறைத் திருநாள்

கல்லறைத் திருநாள் என்பது, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் கத்தோலிக்கத் திருச்சபை நவம்பர் 2 அன்று கடைப்பிடிக்கும் நினைவு நாள். சகல ஆத்துமாக்கள் திருநாள் என்றும் சொல்வர். புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு மறுநாள் வருகிறது. பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ, தமக்குக் கீழிருந்த மடங்களில் 998 வாக்கில் இதை ஏற்படுத்தினார். பிற நாடுகளுக்கும் அங்கிருந்தே பரவியது.

இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கம் இதனினும் பழையது. 387இல் இத்தாலியின் ஓஸ்தியாவில் இறந்த புனித மோனிக்கா, தம்மை எங்கே புதைத்தாலும் சரி, பலிபீடத்தில் நினைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். இதை எழுதிவைத்த மகன் அகுஸ்தினார், தம் துக்கத்தையும் மறைக்கவில்லை. அடக்கத்தின்போது அழுகையை விழுங்கிக்கொண்டார். குளித்துப் பார்த்தார், தீரவில்லை. தூங்கி எழுந்து, தனிமையில் இறைவன்முன் அழுத பிறகே பாரம் இறங்கிற்று. விசுவாசி அழக் கூடாது என்போர் இந்தப் பக்கங்களைப் படிப்பதில்லை போலும். லாசரின் சாவுக்கு இயேசுவே கண்ணீர் விட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது.

இறந்தவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறும்போது, உயிரோடிருப்போரின் செபமும் திருப்பலியும் அவருக்கு உதவும் என்பது இந்நாளின் அடிப்படை. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் இதை உறுதிசெய்தது. துக்கப்படுபவருக்கு இதில் கிடைப்பது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. போனவருக்காக இன்னும் செய்ய ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்பதே. முதல் உலகப் போரில் சாவு பெருகியபோது, குருக்கள் ஒவ்வொருவரும் இந்நாளில் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்று 1915இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அனுமதித்தார்.

சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. அவற்றில் அமைதிக்கு ஆதாரம் உயிர்த்தெழுதலின் நிச்சயம் மட்டுமே. இறந்தவர் கிறிஸ்துவிடம் இருக்கிறார், அவருக்காக நாம் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் அந்நாளில் பூவோடு கல்லறைக்குப் போகும் தென்னிந்தியத் திருச்சபைக் (சி.எஸ்.ஐ.) குடும்பங்களும் உண்டு.

தமிழ்நாட்டில் சில நாள் முன்பே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சிமென்ட் மேடைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, அழிந்த பெயர்களுக்குக் கறுப்புப் பெயின்ட் பூசுவார்கள். அன்று செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் பரப்பி மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் குடை பிடித்தபடி, அணைந்த திரியை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பதும் வழக்கமான காட்சிதான். குருவானவர் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார். தங்கள் வீட்டுக் கல்லறைக்கு அவர் வரும்வரை குடும்பத்தார் நகரமாட்டார்கள். நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லி முடிந்ததும் பேச்சு சகஜமாகும். வெளியூரிலிருந்து வந்த உறவினரின் நலம் விசாரிப்பு அங்கேயே நடக்கும். பெயர் எழுதிக் கொடுத்தவர்களின் திருப்பலிக் கருத்துகள் கோவிலில் வாசிக்கப்படும்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்போர், உரிய நிபந்தனைகளோடு, இறந்தோருக்காகப் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விலக்கு) பெறலாம். கொரோனாவால் கூட்டம் கூட முடியாத 2020இல் வத்திக்கான் இதை மாதம் முழுவதற்கும் நீட்டித்தது. வீட்டைவிட்டு வெளியேற முடியாத முதியோரும் நோயாளிகளும் இயேசு அல்லது மாதா படத்தின்முன் செபித்தால் போதும் என்றும் அறிவித்தது.