உடலினுள் உறையும் உலோகம்

பழுதுற்ற மூட்டிற்கு மாற்றாக உடலினுள் வைக்கப்படும் உலோகம் இரு பகைகளை வெல்லுதல் வேண்டும். உடலின் உவர்நீரால் நேரும் அரிப்பு ஒன்று. இடையறாத உராய்வால் நேரும் தேய்வு மற்றொன்று.

அமெரிக்கரான எல்வூட் ஹேய்ன்ஸ் 1907 இல் காப்புரிமை பெற்ற கோபாற்று-குரோமியக் கலப்புலோகம் முதலில் வெட்டுங் கருவிகளுக்கே பயன்பட்டது. அதன் வழிவந்த வைற்றாலியம் 1930களிற் பல்மருத்துவத்தில் இடம்பெற்றது. விலங்குகளின் என்புகளிற் பிற உலோகங்கள் அரிப்புற, வைற்றாலியம் மாறாது நின்றமையை வெனபிளும் அவர்தம் துணைவரும் 1937 இல் வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே பொஸ்ரன் நகரிற் சிமித்-பீற்றர்சன் அதனால் இடுப்பு மூட்டுக் கிண்ணம் அமைத்தார். மேற்பரப்பிற் படர்ந்த மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலமே அரிப்பைத் தடுத்தது.

ஆயின், உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுக்கள் பிற்காலத்தில் எழுந்தபோது, உராய்வு அப்படலத்தையே கிழித்தது. கிழிந்த படலம் மீண்டும் மீண்டும் உருவாகையில் உலோகம் கரைந்தது. துகள்களும் அயன்களும் அயலிழையங்களைத் தாக்கின. 2010 இல் அத்தகைய இடுப்பு மூட்டொன்று உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. நைதரசன் அயன்களைப் புகுத்தி மேற்பரப்பை வன்மையாக்கும் முறையும் உண்டு. ஆனால் அவ்வன்படை மிக மெல்லியது, தேய்ந்தொழியின் காப்பும் ஒழியும்.

அரிப்பை வென்றது தேய்வையும் வென்றதெனக் கொள்ளுதல் தவறென்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். அத்தவற்றால் வருந்தியோர் ஆய்வாளரல்லர், நோயாளரே.