பொதுச்சுவர் கூறும் வரலாறு

பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தைப் பங்கிட்டு வாழ்வது புதிய வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பண்டைய ரோமாபுரியில் வாடகைக் குடித்தனங்கள் நிறைந்த பல மாடிக் கட்டடங்கள் இருந்தன. அவை இடிந்து விழும் ஆபத்தைக் குறைக்க, 70 ரோமானிய அடிக்கு மேல் கட்டலாகாது என்று அகஸ்டஸ் பேரரசர் வரம்பு விதித்தார். ரோமில் குடும்பங்கள் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டன. நம் திருவரங்கத்திலோ பக்கம் பக்கமாக ஒட்டி அமைந்தன.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவரங்கம், ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயில் நகரம். கோயில் வளாகத்தின் பரப்பு சுமார் 156 ஏக்கர். அதன் வெளிச்சுற்றுகளில் உத்தர வீதி, சித்திரை வீதி முதலியவற்றில் மக்கள் குடியிருக்கின்றனர். மதிலுக்குள் நிலம் பெருகாது. தேரோடும் வீதியில் இடம் வேண்டுவோரோ பலர். ஆகவே வீட்டின் முகப்பு குறுகியது, உட்புறம் நீண்டது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று வீடு கொல்லை வரை செல்லும். அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரே சுவர்தான்.

இதில் ஓர் அறிவியல் நன்மை உண்டு. இரு புறமும் வீடு இருப்பதால் பக்கச் சுவர்களில் வெயில் படுவதில்லை. அச்சுவர்களில் சன்னல் வைக்க இயலாது. அக்குறையை முற்றம் தீர்க்கிறது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழுகிறது. வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதிய காற்று உள்ளே வருகிறது.

இவ்வீடுகளை இணைத்தது சுண்ணாம்புக் காரை. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுக் கல்லாக இறுகுகிறது. மாடியோ, தேக்கு விட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கிக் காரையிட்டு அமைந்தது. இரு வீட்டு விட்டங்களும் அதே பொதுச்சுவரில் ஊன்றி நிற்பதுண்டு.

பின்னர் குடும்பங்கள் பெருகின. தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் பெரிய வீடுகள் பகுக்கப்பட்டு, கிணறும் முற்றமும் பொதுவாக, ஒண்டுக்குடித்தனங்கள் ஆயின. இவற்றை ‘ஸ்டோர்’ என்றும் அழைத்தனர்.

1939 இல் திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை தோன்றியது. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்லே. ஆனால் சிமெண்ட் நீருடன் வினைபுரிந்து விரைவில் இறுகும். இரும்புக் கம்பியுடன் சேர்ந்த கான்கிரீட் தூண்கள் சுவரின் உதவியின்றியே பல தளங்களைத் தாங்கும். குடும்பங்களை மேலே அடுக்குவது எளிதாயிற்று. தமிழ்நாடு அரசின் 1994 ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம், ஒவ்வோர் உரிமையாளருக்கும் தம் வீட்டுடன் பொது இடங்களில் பிரிக்கப்படாத பங்கையும் அளித்தது. 2022 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதனிடத்தைப் பெற்றது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. வரிசையில் ஒரு வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது, அதுவரை மழையையே காணாத பொதுச்சுவர் வெளியே தெரிகிறது. சுண்ணாம்புக் காரை நீரில் நனைந்து பலமிழக்கலாம். மறுபக்கத்து ஆதரவு நீங்கியதால் சுவர் சாயலாம். ஆற்று மணலும் வண்டலும் கலந்த நிலத்தில் புதிய தூணுக்கு ஆழமாகத் தோண்டினால், அண்டை வீட்டின் ஆழமில்லாத அடித்தளமும் அசையக்கூடும். பழைய சுவரின்மேல் சிமெண்ட் பூசி மூடுவதும் தீர்வாகாது. உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும்.

எனவே இடிப்பதற்கு முன்பே அண்டைச் சுவரை ஆராய்ந்து, முட்டுக் கொடுத்து, மழைபடாமல் காத்து, சிறிது சிறிதாகத் தோண்டுதல் வேண்டும். அடுக்ககத்தில் ஒருவர் வீட்டின் கூரையே மற்றவருக்குத் தரை. ஒட்டு வீட்டில் ஒருவர் சுவரே மற்றவருக்கும் சுவர். அடுக்ககத்தின் பொதுப் பகுதிகளைப் பேணச் சங்கமும் சட்டமும் உள்ளன. ஒட்டு வீட்டின் பொதுச்சுவரைப் பேணும் பொறுப்பை அண்டை அயலார் இருவருமே ஏற்க வேண்டும்.