உடைமையாளரற்ற நாணயமும் பெயரின் உடைமையும்

நாணயத்தின் வரலாறு பெரும்பாலும் அதனை வெளியிடும் அதிகாரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரச இலச்சினையும் மத்திய வங்கியின் கையொப்பமும் நாணயத்தின் பெறுமதிக்கு மட்டுமன்றி அதன் பெயருக்கும் பொறுப்பேற்றன. 2009 சனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்கொயின் என்னும் மறைகுறி நாணயம் இம்மரபினை மறுத்துத் தோன்றியது. அதனை வெளியிடும் வங்கி எதுவுமில்லை. அதன் மென்பொருளும் எவரும் எடுத்தாளத்தக்க திறந்த உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டது. எனினும், உடைமையாளரற்ற நாணயத்தின் பெயர் யாருக்குரியது என்னும் வினா தவிர்க்கவியலாததாயிற்று. அவ்வினாவின் வரலாற்றை இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் பிட்கொயினை விளக்கும் கட்டுரை வெளிவந்தது 2008 ஒக்டோபர் 31 இலாகும். 'பிட்கொயின் டொட் ஓர்க்' என்னும் ஆள்களப் பெயரோ அதே ஆண்டு ஓகஸ்ட் 18 இலேயே பதிவாகிவிட்டது. நாணயத்துக்கு முன்னரே அதன் முகவரி பிறந்துவிட்டது எனலாம். இங்கு ஓர் அடிப்படை முரண்பாடு உண்டு. நாணயத்தின் கணக்கேடு எண்ணற்ற கணினிகளிற் பரந்து கிடப்பது. ஆள்களப் பெயரோ ஒரு பதிவேட்டில் ஒருவர் பொறுப்பில் மட்டுமே இருக்கக்கூடியது. 1998 இல் தோன்றிய ஐகான் நிறுவனம் 1999 இல் ஏற்றுக்கொண்ட பிணக்குத் தீர்வுக் கொள்கை, வர்த்தகக் குறியின் உரிமையாளர் முறையிட வழிவகுத்தது. குறிக்கு உரிமையாளரே இல்லாதவிடத்து முறையிடுவோர் யார்?

வர்த்தகக் குறிச் சட்டம் ஒரு பண்டத்துக்கு ஒரு மூலம் உண்டெனக் கருதுவது. மூலம் மறைந்துநின்ற இந்நாணயத்தின் பெயரைப் பிறர் உரிமைகோர முற்பட்டமை வியப்பன்று. 2011 இல் அமெரிக்கச் சட்டத்தரணியொருவர் அச்சொல்லைத் தம் குறியாகப் பதிய விண்ணப்பித்தபோது பயனர்களிடையே எதிர்ப்பெழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அச்சொல், மவுண்ட் கொக்ஸ் நாணயமாற்றுச் சந்தையின் தாய்க் கம்பனியான டிபானின் குறியாகப் பதிவாயிற்று. 2014 பெப்ரவரியில் அச்சந்தை வீழ்ந்து வைப்பாளர் பலர் இழப்புற்றனர். எவருக்கும் உரியதல்ல எனப்பட்ட நாணயத்தின் பெயர் ஒரு தனியார் கம்பனியின் உடைமையாகவும் இருக்க முடிந்தமை நோக்கற்பாலது.

2017 ஓகஸ்ட் 1 இல் பிட்கொயினிலிருந்து பிட்கொயின் காஷ் பிரிந்தபோது சிக்கல் மேலும் முதிர்ந்தது. 'பிட்கொயின் டொட் கொம்' என்னும் தளம் புதிய கிளையையே உண்மையான பிட்கொயினெனப் பரப்பியது. இரண்டுள் எது அப்பெயருக்குரியது எனத் தீர்ப்பதற்கு அதிகாரம் படைத்தோர் எவருமிலர். பதிவேடன்றி மக்களின் வழக்காறே பழைய கிளைக்கு அப்பெயரை உறுதிசெய்தது.

லினக்ஸ் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தொடர்பற்ற ஒருவர் அமெரிக்காவிற் பதிந்துகொண்ட அக்குறி, பிணக்கின் பின்னர் 1997 இல் அதனை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்சின் பெயருக்கு மாற்றப்பட்டது. அங்கு முன்வந்து நிற்க ஓர் ஆக்கியோன் இருந்தார். பிட்கொயினுக்கோ அத்தகைய எவரும் இலர். தாமே சதோஷி எனக் கூறிய கிரெய்க் ரைட், அக்கட்டுரையின் பதிப்புரிமை தமதெனத் தொடுத்த வழக்கில், 2021 யூனில் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் வென்றார். தளத்தை நடத்தியவர் தம் அடையாளத்தை வெளியிட விரும்பாது எதிர்வாதம் புரியாமையே அதற்குக் காரணம். 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம் ரைட் சதோஷி அல்லர் எனத் தீர்த்தது. அவ்வழக்கை நடத்தியது, 2020 இல் மறைகுறி நாணயத்துறைக் கம்பனிகள் சேர்ந்தமைத்த ஒரு கூட்டமைப்பாகும்.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? உடைமையை மறுத்தல் வேறு, பொதுவுடைமையை நிறுவுதல் வேறு. உடைமையாளர் இல்லையென அறிவித்த மாத்திரத்தில் ஒரு பொருள் மக்களுக்குரியதாகிவிடுவதில்லை. காவலற்ற அப்பொருளை முதலில் பதிவோரும் வழக்காடப் பணமுடையோருமே தமதாக்க முனைவர். பொதுப்பொருளைக் காக்கும் பொறுப்பையும் பொதுவாகவே ஏற்று அதற்கென அமைப்பொன்றைக் கட்டாத இயக்கம், தன் பெயரைக் காக்கவும் கம்பனிகளின் துணையையே நாடவேண்டியதாகின்றது.