வினாத்தாளுக்கு முந்திய வினா

"கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்க வேண்டும்" என்பது ஈழத்துத் தமிழ் மக்களின் நாவில் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. கவர்ண்மெண்ட் என்ற அந்நியச் சொல்லைக் கோறணமெந்து ஆக்கித் தம் வீட்டுச் சொல்லாக்கிக்கொண்ட மக்களின் ஆசையும் அச்சமும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிக் கிடக்கின்றன. மழை பொய்த்தாலும் மாதச் சம்பளம் பொய்க்காது. வலை வெறுமையாகத் திரும்பும் நாளிலும் அடுப்பெரியும். அந்தச் சம்பளத்துக்குச் செல்லும் வழியில் நிற்பது போட்டிப் பரீட்சை. பொது அறிவு, எண்கணிதம், ஒரு பந்தியை வாசித்துக் கிரகித்து விடையெழுதுதல் ஆகிய மூன்றையும் திருகோணமலையிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் இன்றும் இளைஞர் இரவிரவாகப் பயின்றுவருகின்றனர். ஆசிரியரும் மாணவரும் இம்மூன்றையும் காற்றையும் வெயிலையும்போல இயல்பாக வந்தவை என எண்ணிவிடுகிறோம். அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பரீட்சை வைத்து உத்தியோகத்தருக்கு ஆள் தெரியும் முறையை நெடுங்காலம் கையாண்ட தேசம் சீனம். மன்னராட்சிக் காலத்து அப்பரீட்சை 1905ஆம் ஆண்டிலேதான் அங்கு ஒழிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அது காலந் தாழ்த்தி வந்த வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் உத்தியோகங்கள் டைரக்டர்களின் மருமக்களுக்கும் நண்பர் மக்களுக்கும் உரியனவாக இருந்தன. 1853ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகையைப் பறித்தது. மறு ஆண்டில் மெக்காலேயின் குழு பரீட்சைக்குரிய பாடங்களை வகுத்தது. 1855இல் முதற் பரீட்சை நடந்தது. அதே 1854இல் நோர்த்கோட்டும், இந்தியாவில் உத்தியோகம் பார்த்துப் பழகிய திரெவெலியனும் இங்கிலாந்தின் அரசாங்க சேவைக்கும் இதே வழியைப் பரிந்துரைத்தனர். பிறப்பைப் பாராது திறமையைப் பார் என்ற கோரிக்கை அக்காலத்தில் முற்போக்கானது என்பதை நாம் மறுக்கலாகாது. பிரபுத்துவச் செல்வாக்கின் முதுகில் விழுந்த அடி அது. அடித்த கை எந்த வர்க்கத்தினுடையது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேலதிகாரி சிந்திப்பான், கீழுத்தியோகத்தன் எழுதுவான் என்ற பிரிவினையும் அத்திட்டத்திலேயே இருந்தது. 1876இல் இங்கிலாந்தில் கீழ்ப்பிரிவு எழுதுவினைஞர் சேவை என ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குரிய பரீட்சைப் பாடங்களைப் பாருங்கள்: கையெழுத்து, எழுத்துப் பிழையின்மை, எண்கணிதம், கையெழுத்துப் பிரதியைப் பார்த்தெழுதுதல், ஆங்கிலக் கட்டுரை, பூமிசாஸ்திரம், கடிதங்களுக்குக் குறிப்பெழுதி வரிசைப்படுத்தல், கணக்கு விபரங்களைச் சுருக்கித் தருதல், இங்கிலாந்தின் சரித்திரம், கணக்குப் பதிவு. இவற்றுள் ஒவ்வொன்றும் கந்தோர் மேசையில் நடக்கும் ஒவ்வொரு வேலையின் நிழலாகும். நீண்ட கடிதத்தை நாலு வரியாக்கித் துரையின் முன் வைக்க வேண்டும். அதற்காகவே கிரகித்தலும் சுருக்கி வரைதலும். வரிப்பணமும் செலவும் சதம் பிசகாது கூட வேண்டும், அதற்கு எண்கணிதம். சாம்ராச்சியம் எத்திசையில் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். பூமிசாஸ்திரமும் சரித்திரமும் பொது அறிவெனப் போற்றப்பட்டமைக்குக் காரணம் இதுதான். எழுதப்பட்ட கடிதம் நியாயமானதா என்று கேட்கும் பாடம் மட்டும் அங்கு இல்லை.

இலங்கையின் எழுதுவினைஞர் பரீட்சைகளும் இம்மரபின் சாயலிலேயே வளர்ந்தன. கோல்புறூக் ஆணைக்குழு 1830களின் தொடக்கத்தில் அரசாங்க சேவையைச் சுதேசிகளுக்கும் திறந்துவிட வேண்டுமென்றபோது, ஆங்கிலக் கல்வியையும் உடன்சேர்த்தே பரிந்துரைத்தது. வெள்ளையரைக் கொண்டு எல்லாக் கந்தோர்களையும் நடத்துவது ஆட்சிக்குக் கட்டுபடியாகாத செலவு. 1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கையில் நடைபெறலாயின. 1872 தொடக்கம் இத்தீவில் வழங்கிய நாணயம் ரூபாயும் சதமுமாக இருக்க, நம் பிள்ளைகள் பவுணும் சிலிங்கும் பென்சும் கூட்டிக் கழித்துத் தலையுடைத்துக்கொண்டார்கள் என்பது சிரிப்பதற்குரிய செய்திதான்; அக்காலத்து மாணவன் சிரித்திருக்க மாட்டான்.

பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். அந்த வெற்றியை இன்றும் பெருமையுடன் கூறுகிறோம், கூறத்தான் வேண்டும். ஆனால் அவர் கேம்பிரிட்ஜில் கற்றவர், செல்வாக்குமிக்க குடும்பத்தில் உதித்தவர் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். பரீட்சை மண்டபத்தின் கதவு திறந்திருந்தது. கதவு வரை வந்து சேர எத்தனை பேரால் முடிந்தது?

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறைமுகம் அவர்களது கடற்படைக்கு இந்து சமுத்திரத்தின் திறவுகோலாயிற்று. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனக்குடாவின் காட்டுக்குள் நூறளவான எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இத்துறைமுகத்தின் மீதுதான். தாங்கிகளுக்கு இரும்பு சுமந்தவனிடம் எவரும் பொது அறிவு வினவவில்லை. அவனுக்குத் தோள் வலிமையே தகைமை. கொட்டியாரக் குடாவில் வலை வீசியவனும், தம்பலகாமத்து வயலில் நாற்று நட்டவளும், கிண்ணியாவில் மாடு மேய்த்தவனும் பரீட்சை விண்ணப்பப் படிவத்தைக் கண்ணாலும் கண்டிரார். நகரில் 1867இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியும், 1897இல் தோன்றிய இந்துக் கல்லூரியும், மெதடிஸ்த மிஷனாரின் பள்ளிகளும் கடமையைச் செய்தன. ஆயினும் ஆங்கிலக் கல்விக்குச் சம்பளம் கட்ட வேண்டும். ஊர்ப் பள்ளியின் தமிழ்க் கல்வி இலவசம். இலவசக் கல்வி கற்றவனுக்குக் கச்சேரியில் இடமில்லை. அந்நியர் ஆட்சி முடியும் தறுவாயிலும் இத்தீவில் ஆங்கிலம் எழுத வாசிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மற்ற ஒன்பது பேரும் வினாத்தாள் அச்சாகுமுன்னரே தோற்றுப்போனவர்கள்.

இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண சங்கம் பொறுப்பேற்றபின் சுவாமி விபுலாநந்தர் அங்கு அதிபராகப் பணிபுரிந்தார். காரைதீவில் பிறந்து, கேம்பிரிட்ஜ் பரீட்சையும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையும் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் அடுத்தடுத்துப் பெற்றவர் அவர். பரீட்சை ஏணியின் உச்சியைத் தொட்ட ஒருவர் கந்தோர்க் கதிரையைத் தேடாமல் கிழக்கின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் தேடியலைந்தார் என்பது நம் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் வந்ததும், அதுவரை வெளியே நின்ற வர்க்கங்களின் பிள்ளைகள் முதன்முறையாக மண்டப வாயிலை நெருங்கினர்.

பரீட்சை மனிதரைப் போட்டியாளராக்குகிறது; பக்கத்து மேசைக்காரனின் தோல்வியே தன் வெற்றி எனக் கற்பிக்கிறது. அப்படித் தேறி வந்தவர்களே ஒன்றுபட்டு நின்ற ஒரு காலமும் இருந்தது. 1947இல் தொழிற்சங்க உரிமை கோரி அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்தனர். எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவர் சிங்களவரான ரி. பி. இலங்கரத்ன. ஜூன் 5ஆந் திகதி கொழும்பில் ஊர்வலத்தின்மீது பொலீசார் சுட்டபோது மாண்டவர் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர். இன வேறுபாடு நோக்காது தொழிலாளர் அவரைத் தியாகியெனப் போற்றினர்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1956ஆம் ஆண்டு, அதே ஜூன் மாதத்து 5ஆந் திகதி, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைக் கொணர்ந்த மந்திரிசபையில் இலங்கரத்னவும் ஒருவர். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. கிராமத்துச் சிங்கள இளைஞனும் நூறாண்டு வெளியே நின்றவன்தான். ஆனால் அவனுக்குத் திறந்த கதவை அவனைப் போலவே வெளியே நின்ற தம்பலகாமத்துத் தமிழனின் முகத்திலும் மூதூர் முஸ்லிமின் முகத்திலும் சாத்தியது எந்த நியாயம்? இலவசக் கல்வியால் ஆங்கிலச் சுவரைத் தாண்டத் தொடங்கிய ஒரு தலைமுறை மறுசுவரைக் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிற் கூட்டியதும், 1961இல் கிழக்கிலும் வடக்கிலும் கச்சேரி வாயில்களில் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும், ஏப்ரில் மாதம் அவசரகால நிலைமையும் இராணுவமும் வந்து அதைக் கலைத்ததும் யாவரும் அறிந்தவை. கச்சேரி என்பது அம்மக்களுக்கு வெறுங் கட்டடமாக இருக்கவில்லை. காணிக்கு அங்கு போக வேண்டும். பங்கீட்டுக்குப் போக வேண்டும். மகனின் உத்தியோகக் கனவும் அங்கேதான் குடியிருந்தது.

1961 டிசம்பரில் திறைசேரியிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. சேவையில் ஏற்கெனவே இருப்போரும் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டும். தேறாதவருக்குச் சம்பள ஏற்றம் இல்லை. 1952இல் எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்த கோடீஸ்வரன் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதித் தேறித் தகுதி காட்டி வேலைக்கு வந்தவரைப் பத்தாண்டுகளின்பின் வேறொரு மொழியில் மீண்டும் தகுதி காட்டு என்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். ஒரு இனத்துக்கு இல்லாத சலுகையை மற்றோர் இனத்துக்கு அளிக்கும் சட்டம் செல்லாது என்று கூறிய அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே அவர் பற்றிய ஆயுதம். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்காட முடியாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரில் பிரித்தானியக் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவை உயர் நீதிமன்றமே தீர்க்கட்டும் எனத் திருப்பியனுப்பியது. அந்த வினாவுக்கு விடை எழுதப்படவேயில்லை. 1972இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லை. சிங்களம் அரசகரும மொழியென அரசியலமைப்பிலேயே பொறிக்கப்பட்டது.

இங்கே இடதுசாரி வாசகருக்குக் கசப்பான ஒரு விடயமும் உண்டு. 1956இல் அம்மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்களுள் சமசமாசக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் இருந்தனர், கொல்வின் ஆர். டி சில்வாவின் அன்றைய எச்சரிக்கை இன்றும் நினைவுகூரப்படுகிறது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை உருவாக்கிய மந்திரியும் அதே கொல்வின்தான். ஆட்சிக் கூட்டணியின் தேவை என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். கோடீஸ்வரனின் சம்பள ஏற்றத்தை நிறுத்தியவர்களும் ஆட்சியின் தேவை என்றுதான் கூறினர்.

1987இலும் 1988இலும் செய்த திருத்தங்களால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மாகாண சபைகள் வந்தபின் திருகோணமலையே மாகாண நிர்வாகத்தின் தலைமையிடமாயிற்று. முன்பு கொழும்பை நோக்கியிருந்த விண்ணப்பங்களுள் ஒரு பகுதி இங்கே வந்து சேர்கிறது. கிண்ணியா மாணவன் 2009இல் பாலம் திறக்கப்படும் வரை நகருக்கு வரப் பாதைப் படகுக்குக் காத்திருந்தான், இன்று காத்திருப்பதில்லை. ஆயினும் பரீட்சை பதவிகளைப் பங்கிடுமேயன்றிப் படைக்காது. 2017இல் கிழக்கு மாகாணத்து வேலையற்ற பட்டதாரிகள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தெருவில் அமர்ந்து நாட்கணக்காகப் போராடியபோது, அவர்களுள் எவரும் பரீட்சைகளில் தோற்றவர்களல்லர். பல்கலைக்கழகம் வரை எல்லாவற்றிலும் தேறியவர்கள்.

2007 ஜூலை முதலாந் திகதிக்குப் பின் அரச சேவையிற் சேரும் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. 1961இன் சுற்றுநிருபம் தமிழனிடம் மட்டும் கேட்டதை இது சிங்கள உத்தியோகத்தரிடமும் கேட்கிறது. அவர் எழுதும் தமிழ்ப் பரீட்சையிலும் வாசித்துக் கிரகித்தல் உண்டு. சான்றிதழைப் பெற்றபின், காணித் தகராறு பற்றித் தமிழில் முறையிட்டு வரும் மூதூர்க் கிழவியின் கடிதத்தை மொழிபெயர்ப்பாளரின்றி அவர் வாசிக்கிறாரா, அதே மொழியில் பதில் எழுதுகிறாரா என்பதைக் கந்தோர்க் கோப்புகளில்தான் பார்க்க வேண்டும்.